உபயம்: கஸ்பார்

பிப்ரவரி 3, திங்கள்

போடியிலிருந்து விடிகாலை வந்து இறங்கி, நேராகப் பள்ளிக்கூடம். பல்கூடப் பள்ளிக் குழாயில்தான் விளக்கினேன். மாதத்தில் இரண்டு முறை இந்தப் பஸ் பயணம். முழங்கால் இரண்டும் இனி வரமாட்டோம் என்கின்றன.

தலைமையாசிரியர் நாகநாதன் சார் கையில் ஒரு பென் டிரைவ் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார். ஸ்மார்ட் வகுப்புக்கு மேலிடத்திலிருந்து வந்த பாடமாம். கடல் பாலூட்டிகள். ஏழாம் வகுப்புக்கு இந்த மாதத்துக்குள் நடத்த வேண்டும். 28ஆம் தேதி அறிவியல் தினக் கண்காட்சி. வனத்துறை ரேஞ்சர் சிறப்பு விருந்தினர்.

போட்டுப் பார்த்தேன். எட்டு படத்தில் முதல் படம் மட்டும்தான் ஓடுகிறது. அது யானைச் சீல், கடல்நாய் வகையில் பெரியது. பனி பிடித்த ஊர்க் கரையில் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. இங்கே கொம்படி வலசையில் பிப்ரவரியிலேயே வியர்க்கிறது. பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோரும் மீன்பிடிக்கிறவர்கள். அவர்களுக்குத் தெரியாத கடலை நான் சொல்லித்தர வேண்டுமாம். நான் ஏலக்காய் ஊர்க்காரி, குளத்தில்கூட நீந்தியதில்லை.

பரவாயில்லை. இந்த ஒரு வருடம்தான். மே மாத இடமாறுதலில் போடியில் ஒரு காலியிடம் நிச்சயம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். ஐந்து வருடம் ஓட்டியாயிற்று, இன்னும் மூன்று மாதம் ஓட்ட முடியாதா.

பிப்ரவரி 5, புதன்

யானைச் சீல், முதல் நாள். ஆணுக்குத் தும்பிக்கை மாதிரி மூக்கு. படத்தில் அது மூக்கை ஊதிக் கத்தியதும் வகுப்பே கத்தியது. பக்கத்து வகுப்பிலிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆழத்தில் இருக்கும் என்றேன். முங்கிச் சங்கெடுக்கும் வீட்டுப் பிள்ளை ஒருவன், "ஏலாது டீச்சர், காது கிழிஞ்சிரும்" என்றான். அதற்குக் கிழியாது என்று சொன்னால் நம்பவில்லை.

அடுத்த கேள்வி: "டீச்சர், இதத் திங்கலாமா?"

பாடம் முடிந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

வீட்டுக்குப் போன் போட்டேன். மகள் மதுவந்திக்கு வீட்டுப்பாடம் நிறைய, பேச முடியவில்லை என்றார் அவர். ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு எழுதவைக்கிறார்கள்.

பிப்ரவரி 10, திங்கள்

இன்று குட்டி வளர்க்கும் கதை. தாய்ச் சீல் கரையேறிக் குட்டி போடுகிறது. நான்கு வாரம் போல ஒரு வாய் சாப்பிடாமல் பால் மட்டும் கொடுக்கிறது. தான் இளைக்க இளைக்கக் குட்டி உருண்டையாகிறது. பிறகு ஒருநாள் எழுந்து கடலுக்குள் போய்விடுகிறது. குட்டி தனியாகக் கரையில் கிடந்து, பசித்து, தானே நீந்தப் பழகிக் கடலுக்குப் போகிறது.

பிள்ளைகளுக்கு இது பிடிக்கவில்லை. "சே, என்ன அம்மா டீச்சர் இது" என்று முன் பெஞ்சு முகம் சுளித்தது.

ஜெனோவாதான் கேட்டாள். இந்த வகுப்பில் நான் சொல்வதை முழுதாகக் கேட்கிற ஒரே பிள்ளை. ஒல்லிக் கழுத்து, எண்ணெய் வழிய வாரிய தலை. எதைச் சொன்னாலும் வீட்டுக்குப் போய் அப்பா கஸ்பாரிடம் ஒப்பித்துவிட்டுத்தான் சாப்பிடுவாளாம்.

"குட்டிய விட்டுட்டு எதுக்கு டீச்சர் போகுது?"

"பசி. சாப்பிடாம கெடந்துச்சுல்ல. போகாட்டி ரெண்டும் சேந்து செத்துப்போகும்."

"திரும்ப வருமா?"

"அந்தக் குட்டிக்கிட்ட வராது."

"அப்ப அது அம்மாவத் தேடாதா?"

மணி அடித்தது. நல்ல வேளை. நேரமாகிவிட்டது என்பதைச் சொல்கிறேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

எண்ணெய்க்காக வேட்டையாடிய கதை. கப்பல் கப்பலாக வந்து அடித்து, கொழுப்பை உருக்கி விளக்கெரித்தார்கள். வடக்குக் கடலில் இனமே முடிந்தது என்று நினைத்தபோது ஒரு தீவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. சட்டம் போட்டுத் தொடாமல் விட்டார்கள். இன்று கரை கொள்ளாமல் கிடக்கிறது. தொடாமல் விட்டாலே போதும், அது பாட்டுக்குப் பெருகிவிடும் என்றேன்.

நம் கடலிலும் ஒரு பாலூட்டி இருக்கிறது, ஆவுளியா, புத்தகத்தில் கடற்பசு என்று போட்டிருக்கும், கடற்புல் மேய்கிற சாது, அதைப் பிடித்தால் ஜெயில் என்று சொல்லிவிட்டு, "யாராவது பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

ஒரு சத்தம் இல்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். மற்ற நாளில் கடலில் பேயைப் பார்த்தேன் என்றுகூட எழுந்து நிற்கிற வகுப்பு. வெள்ளிக்கிழமைக் களைப்பு போல. எனக்கும்தான்.

பிப்ரவரி 19, புதன்

கண்காட்சிக்குப் பொருள் வேண்டும். வாங்கக் காசில்லை என்று நாகநாதன் சார் கைவிரித்துவிட்டார். "வீட்ல கடல் சம்பந்தமா என்ன இருந்தாலும் எடுத்துட்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அவரவர் அட்டை எழுதி ஒட்ட வேண்டும்.

சார் ஒரு நிபந்தனை போட்டார். அட்டையில் கட்டாயம் உபயம் இருக்க வேண்டும். இந்த மனிதருக்கு உபயம் என்றால் உயிர். தண்ணீர் டிரம், பீரோ, மணி, மணி அடிக்கும் கட்டை, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயர் சிவப்புப் பெயின்டில். ஏழாம் வகுப்பு ஃபேன் இறக்கையில்கூட எழுதிவைத்திருக்கிறார். ஃபேன் ஓடினால் பெயர் தெரியாது. ஆனால் இந்த ஊர்க் கரண்டுக்கு உபயதாரர் பெயர் பெரும்பாலும் தெளிவாகவே தெரியும்.

"பேரப் பாத்தாத்தான் டீச்சர் நாலு பேரு பள்ளிக்கூடத்துப் பக்கம் வாறாக" என்கிறார். அதுவும் சரிதான்.

பிப்ரவரி 27, வியாழன்

மேசைகளை இழுத்துப் போட்டு, வேட்டி விரித்து, கலர்த்தாள் ஒட்டி, முடியவில்லை. யானைச் சீல் படம் பெரிதாக வரைந்ததில் மூக்கு சுவருக்குப் போய்விட்டது. ஜெனோவா அதைப் பற்றிப் பேசுகிறாள். நன்றாகவே பேசுகிறாள்.

மாலையில் பிள்ளைகள் பொருளைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். கால் மரத்துப்போய் உட்கார்ந்தவள் எழவில்லை. துணியைப் போட்டு மூடச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சங்கும் சோழியும் தானே. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 28, வெள்ளி

ரேஞ்சர் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். நேரத்துக்கு வருகிறவர்களால்தான் எல்லாக் கஷ்டமும். இன்னும் துணியையே எடுக்கவில்லை.

பிள்ளைகள் துணியை உருவ, அவர் முதல் மேசையிலிருந்து ஆரம்பித்தார். உடைந்த துடுப்பு, கணவாய் ஓடு, காய்ந்த பாசி, ஈயக்குண்டு. ஒவ்வொன்றிலும் உபயம். சார் ஒவ்வொரு பெயருக்கும் அவர் யார், எந்தத் தெரு என்று விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தார். ரேஞ்சருக்குக் கொட்டாவி. நான் முன்னால் போய்க் கடைசி மேசையைச் சரிசெய்யலாம் என்று போனேன்.

யானைச் சீல் படத்துக்குக் கீழே ஒரு விலா எலும்பு கிடந்தது. என் முழங்கை நீளம், வளைந்து, டீ நிறத்தில் வழவழவென்று. தூக்கிப் பார்த்தால் இரும்பு மாதிரி கனம். பக்கத்தில் அட்டை, ஜெனோவாவின் குண்டு குண்டான எழுத்து.

"ஆவுளியாவின் விலா எலும்பு. இதுவும் நம்மைப் போல் குட்டிக்குப் பால் கொடுக்கும். உபயம்: என் அப்பா கஸ்பார்."

ஜெனோவா பக்கத்தில் நின்று, நான் பாராட்டுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யானைச் சீல் எலும்பு கிடைக்காது, நம் ஊர்ப் பாலூட்டியாவது வைக்கலாம் என்று அந்தப் பிள்ளையாக யோசித்திருக்கிறது. நான் நடத்தியதைக் கேட்ட ஒரே பிள்ளை.

எலும்பை ஒளிக்க வழியில்லை. ரேஞ்சர் அங்கிருந்தே அதைப் பார்த்துவிட்டார், நடை மாறிவிட்டது. சார் இன்னும் துடுப்புக்காரர் கதையைச் சொல்லிக்கொண்டே பின்னால் வந்தார். அட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டேன். வெறும் அட்டை ஒன்றை எடுத்து "ஆவுளியா விலா எலும்பு, உபயம்" என்று எழுதினேன். உபயம் என்று எழுதிவிட்டால் ஏதாவது ஒரு பெயர் வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை இடத்தில் கையெழுத்துப் போடுகிறோம், அந்தப் பழக்கத்தில் கை என் பெயரை எழுதிவிட்டது. வேறு ஒன்றும் இல்லை.

"பூங்கோதைங்கிறது யாரு?"

"நாந்தான் சார்."

"இது ஒங்களுக்கு எங்க கெடச்சுச்சு?"

"கரையில ஒதுங்கிக் கெடந்துச்சு. நடக்கப் போனப்ப எடுத்தேன்."

சார் என் முழங்காலைப் பார்த்தார். ஐந்து வருடத்தில் நான் கடற்கரைப் பக்கம் நடக்கப் போனதே இல்லை என்று அவருக்குத் தெரியும். படியேற முடியாமல் வகுப்பைக் கீழே மாற்றிக் கேட்டவள் நான். அவர் வாயைத் திறக்கவில்லை. இந்த மனிதரைப் பற்றி நான் எத்தனையோ எழுதியிருக்கிறேன். இன்று ஒரு கும்பிடு.

"நீங்களே பாடம் நடத்துறீங்க. இத வச்சிருக்கக் கூடாதுன்னு தெரியாதா?" என்றார் ரேஞ்சர். கோபம்கூட இல்லை, ஆச்சரியம்தான். கூட வந்தவரிடம் எலும்பைச் சாக்கில் கட்டச் சொன்னார். மேலிடத்துக்கு எழுதித்தான் அனுப்ப வேண்டியிருக்கும் என்றார். அனுப்புங்க சார் என்றேன். டீச்சர் என்றால் ஒரு மெமோவோடு போகும். கஸ்பார் என்றால் எங்கே போய் நிற்குமோ.

பிறகு ஜெனோவா பேசினாள். எண்ணெய் என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. நான் எடுத்துக் கொடுத்தேன். முடித்துவிட்டாள். ரேஞ்சர் ஒரு பேனா பரிசு கொடுத்தார்.

மார்ச் 1, சனி

போடிக்குப் போகவில்லை. உடம்பு முடியவில்லை என்று சொன்னேன். மது, "சரி" என்றாளாம்.

மார்ச் 3, திங்கள்

பள்ளி விட்டதும் கஸ்பார் வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. கையில் ஈரப் பையில் மீன். வாங்கவில்லை. இன்று என்னால் மீன் ஆய முடியாது என்றேன், அது உண்மையும்கூட.

"நா புடிக்கல டீச்சர். வலையில விழுந்து மூச்சு முட்டிச் செத்துக் கெடந்துச்சு. செத்தத என்ன செய்ய, வெட்டிப் பங்கு வச்சோம். இவளுக்கு ஞானஸ்நானம் அந்த வாரந்தான். ஊரே தின்னுச்சு."

"எலும்ப எதுக்கு வச்சிருந்தீங்க?"

"கதவுக்கு முட்டுக் குடுக்க. கனமா இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் இடமாறுதல் ஒரு கதவு முட்டில் வந்து நிற்கிறது. அவர் சிரிக்கவில்லை.

"எம் பிள்ள எங்கூட பேச மாட்டேங்குது டீச்சர். சோத்த வச்சா நகண்டு உக்காருது. அதுக்குக் குட்டி இருந்துச்சாப்பான்னு கேட்டுச்சு. நா தெரியாதுன்டேன்."

"இருந்துச்சா?"

வெளியே பார்த்துக்கொண்டே நின்றார். "ரெண்டு நாளு அங்கனயே சுத்துச்சு. பெறகு காணல."

ஈரப் பையைக் கை மாற்றிக்கொண்டார். நான் என்ன சொல்ல, இங்கே ஞானியா உட்கார்ந்திருக்கிறேன்.

"அவகிட்ட சொல்லட்டா?"

"நீங்க தெரியாதுன்னு சொன்னதுலயே அவளுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றேன். மீன் பையை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, "எம் பேருக்கு நீங்க எதுக்கு டீச்சர்" என்றார். ஏதோ கைதவறி எழுதியது என்றேன்.

மார்ச் 12, புதன்

மெமோ வந்தது. பாதுகாக்கப்பட்ட விலங்கின் உடற்பாகத்தை உரிய துறைக்குத் தெரிவிக்காமல் பள்ளி வளாகத்தில் வைத்திருந்ததற்கு விளக்கம் வேண்டும். சார் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் எழுத உதவினார். கரையில் என்று எந்த இடம் போடலாம் என்று அவரே யோசித்து ஒரு மணல்மேட்டைச் சொன்னார். எலும்பு உண்மையில் யாருடையது என்று அவருக்கும் எனக்கும் இடையில் இதுவரை பேச்சு எதுவும் நடக்கவில்லை.

ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை ஆரம்பித்தேன். ஜெனோவா குறிப்பு எழுதுகிறாள், நிமிர்ந்து பார்ப்பதில்லை.

மார்ச் 17, திங்கள்

தண்ணீர் வரவில்லை. துணி இரண்டு நாளாக ஊறுகிறது.

மார்ச் 28, வெள்ளி

மே மாத இடமாறுதல் பட்டியல் இப்போதே வந்துவிட்டது. என் பெயருக்கு எதிரே, விளக்கம் நிலுவையில் உள்ளதால் தகுதியில்லை. போடி இடம் வேறு யாருக்கோ. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். அடுத்த வருடம் என்பது இவர்கள் வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது.

வீட்டுக்குச் சொன்னேன். அவருடைய ஏலக்காய்க் கடையில் ஆள் கூப்பிடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

"யாரோ பெத்த பிள்ளைக்கு, நீ எதுக்குப் போயி நின்ன?"

"ஜெயிலுக்குப் போவாருங்க. அந்தப் பிள்ள கொண்டு வந்த அட்டையால."

"அது சரி. நம்ம பிள்ளைக்கு யாரு சொல்றது?"

நீங்களே சொல்லிவிடுங்கள் என்றேன். இரவு கேட்டால், மதுவிடமிருந்து அதற்கும் ஒரு "சரி" வந்ததாம். முன்பெல்லாம் எப்ப வருவ, எப்ப வருவ என்று கேட்டு உயிரை எடுப்பாள். இப்போது வளர்ந்துவிட்டாள். பொறுப்பு வந்துவிட்டது.

ஏப்ரல் 9, புதன்

வினாத்தாள் தயாரித்தேன். ஐந்து மதிப்பெண் கேள்வி: தாய் யானைச் சீல் குட்டியை விட்டு ஏன் போகிறது? எழுதிப் பார்த்துவிட்டு அடித்துவிட்டேன். மகரந்தச் சேர்க்கையைப் போட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

நாளை கடைசி வேலை நாள். பீரோவைப் பூட்டி, சாக்பீஸ் டப்பாவை எண்ணி ஒப்படைத்து, பையில் பாதி கட்டியாயிற்று. ஊரில் ஏதோ சலசலப்பு. கஸ்பார் வலை போயிற்றாம். திருட்டா, பாறையில் கிழிந்ததா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பாவம், விசைப்படகுகளுக்குத் தடை, நாட்டுப்படகுக்கு வருமானம் உள்ள மாதத்தில்.

ஏப்ரல் 25, வெள்ளி

காலை பிரார்த்தனை முடிந்ததும் ஜெனோவா ஒரு பெரிய அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தாள். அட்டையில் ஒரு பச்சை வலைத் துண்டு தைத்திருந்தது. நடுவில் ஆள் நுழைகிற ஓட்டையின் ஒரு ஓரம், கத்தியால் அறுத்த நூல் பிசிறு பிசிறாக நின்றது. கீழே அதே குண்டு எழுத்து.

"அறுத்த வலை. உள்ளே இருந்த ஆவுளியா போய்விட்டது. உபயம்: என் அப்பா கஸ்பார்."

நான் படித்தேன். மறுபடி படித்தேன். சார் வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எந்த ஆணியில மாட்டலாம் டீச்சர்?" என்றார். ஏழாம் வகுப்பில் ஃபேனுக்கு நேரே மாட்டினோம். சார் தானே ஸ்டூலில் ஏறினார்.

கஸ்பார் வேப்பமரத்தடியில் நின்றார். போய்க் கேட்டேன்.

"விடியிற நேரம் டீச்சர். வல இழுக்க வரல, கனம். பாத்தா அது. உசுரோட இருந்துச்சு. இழுத்துருக்கலாம், யாரும் இல்ல. ஆனா குட்டி வலைக்கு வெளிய நின்னு, மூக்க வலையில வச்சு வச்சு எடுக்குது."

"அறுத்துட்டீங்க."

"வேற என்ன செய்ய? இனி ஒரு தடவ தெரியாதுன்னு சொல்ல முடியாதுல்ல, இந்தப் பிள்ளகிட்ட." கண்ணைத் துடைக்காமலே நின்றார். "ரெண்டும் சேந்துதான் போச்சு. நா பாத்தேன்."

வலை போனதற்கு வீட்டில் மனைவி லூர்து இரண்டு நாளாகப் பேசவில்லையாம். மகள் பேசுகிறாள், மனைவி பேசவில்லை, ஒன்று வந்தால் ஒன்று போகிறது என்றார். அதற்கு இருவரும் சிரித்தோம்.

அறைக்கு வந்ததும் போன் போட்டேன். மது வீட்டுப்பாடம் எழுதுகிறாள் என்றார் அவர். இன்றோடு அவளுக்கும் பள்ளி முடிந்துவிட்டது, என்ன வீட்டுப்பாடம், கூப்பிடுங்கள் என்றேன். அந்தப் பக்கம் வெகு நேரம் முணுமுணுப்பு. பிறகு மூச்சுவிடும் சத்தம் கேட்டது.

சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு பேசி எவ்வளவு காலம் ஆயிற்று. அதனால் கதையைச் சொன்னேன். எலும்பு, அட்டை, என் பெயர், போடி இடம் போனது, எல்லாம். அவள் அப்பா சொன்னது போலச் சுருக்கிச் சொல்லாமல், நடந்தது நடந்தபடி. வலையையும் குட்டியையும் சொன்னேன். வைத்துவிட்டாளோ என்று நினைத்தேன்.

"குட்டி எவ்ளோ நேரம் நின்னுச்சும்மா?"

"அம்மா வெளிய வர்ற வரைக்கும்."

"அது கூப்புட்டுச்சா?"

"அது தெரியலயேடா. மூக்க வச்சு வச்சு எடுத்துச்சாம்."

"நீ எப்ப வருவ?" என்றாள்.

"நாளைக்கு. மொத பஸ்ஸு."

"எத்தன நாளைக்கு?"

"ஜூன் வரைக்கும்."

"அப்பறம்?"

சீக்கிரம் மாறுதல் வந்துவிடும் என்று சொல்லலாம். ஐந்து வருடமாக அதைத்தான் சொல்லிவந்தேன். "அப்பறம் இங்கதான் மது. இன்னும் ஒரு வருசமாவது" என்றேன்.

அழுதாள். சத்தம் போட்டு, சின்னப் பிள்ளையில் அழுகிற மாதிரி, வராதே போ என்று திட்டித் திட்டி அழுதாள். நானும் அழுதேன். வைக்கவே இல்லை, இரண்டு பேரும். இத்தனை மாதமாக அவள் அழாமல் "சரி" என்று சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதை இந்த நோட்டில் எங்கேயும் நான் எழுதவில்லை.

மீதிப் பையையும் கட்ட வேண்டும். பஸ் ஐந்தரைக்கு.